வடகடலோரத் தபால் கப்பல்

ஐரோப்பாக் கண்டத்தின் வடமேற்குக் கரையிலே பெர்கன் என்று ஒரு பழைய துறைமுகம் இருக்கிறது. கோடையென்றும் குளிரென்றும் பாராமல், ஞாயிற்றுக்கிழமையென்றும் பண்டிகையென்றும் விலக்கு வைக்காமல், நாள்தோறும் அந்தத் துறைமுகத்திலிருந்து ஒரு கப்பல் வடதிசை நோக்கிப் புறப்படுகிறது. தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடைப்பட்ட நீர்ப்பாதையிலே புகுந்து, பெரிய நகரங்களிலும் சில நூறு பேரே வசிக்கும் மீனவர் கிராமங்களிலும் ஒரே மரியாதையுடன் நின்று, சரக்கு இறக்கி, சரக்கு ஏற்றி, ஏழாவது நாள் காலையில் ருஷ்ய எல்லையை ஒட்டிய கிர்க்கெனஸ் என்னும் ஊரை அடைந்து, அன்று நண்பகலிலேயே திரும்பி, பன்னிரண்டாவது நாள் மீண்டும் பெர்கனுக்கு வந்து சேர்கிறது. வழியில் உள்ள துறைகள் 34. போகவர உள்ள தூரம் ஏறக்குறைய 2,500 கடல் மைல். நார்வே ஜனங்கள் இதை ஹூர்ட்டிக்ரூட்டன், அதாவது விரைவுத் தடம், என்று அழைக்கிறார்கள்.

ஸ்காண்டிநேவியாவின் வடகரையைப் பார்க்க வேண்டுமென்று ஆசைப்படுகிறவர்களுக்கு இன்று மார்க்கங்கள் பல உண்டு. ஆயிரக்கணக்கான பேரை ஏற்றிக்கொண்டு, நீச்சல் குளமும் நாடக அரங்கும் கடைவீதியும் தாங்கி வரும் உல்லாசக் கப்பல்கள் இருக்கின்றன, விமானம் இருக்கிறது, சாலையும் இருக்கிறது. சௌகரியத்தை மட்டும் கருதினால் இவற்றில் எதையும் குறை சொல்ல முடியாது. ஆயினும் அந்தக் கரையையும், அங்கே வாழும் மனிதர்களையும், அத்தனை கடுமையான பிரதேசத்தில் அவர்கள் குடியிருந்து ஜீவிப்பதற்கு எது ஆதாரமாக இருந்து வருகிறது என்பதையும் அறிய விரும்புகிறவர் இந்தக் கப்பலில்தான் போகவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். ஒரு தேசம் தன் கடைக்கோடிக் குடிமகனுக்கும் கடிதம் காலத்தில் போய்ச் சேரவேண்டுமென்று நிச்சயித்ததன் பலனாக இது ஏற்பட்டது. பிரயாணிகளாகிய நாம் பின்னால் வந்து அதில் இடம் கேட்டு ஏறிக்கொண்டவர்கள்.

1890-ஐ ஒட்டிய காலத்தில், ட்ரொண்ட்ஹைம் நகரில் தபாலில் சேர்த்த ஒரு கடிதம் ஹாமர்ஃபெஸ்டைப் போய் அடைவதற்குக் கோடையில் மூன்று வாரமும் குளிர்காலத்தில் ஐந்து மாதம் வரையிலும் ஆயிற்று. வட நார்வேயில் மலைகள் செங்குத்தாகக் கடலில் இறங்குகின்றன. கடலோ பியோர்டுகள் என்னும் நீண்ட குடைவுகளாக நிலத்துக்குள்ளே நூறு கிலோமீட்டர் வரையிலும் புகுந்து கிடக்கிறது. அங்கே கடல் ஒன்றே பாதை. நீராவிக் கப்பல்கள் ஓடத்தான் ஓடின. ஆனால் இருட்டிவிட்டால் நங்கூரம் பாய்ச்சி நின்று, விடிந்த பிறகே அவை புறப்படும். சூரியன் இரண்டு மாத காலம் தலைகாட்டாத ஒரு கரையில் விடியலுக்காகக் காத்திருப்பதென்றால் என்ன பொருள் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

1891-ல் அரசாங்கத்தின் கப்பல் போக்குவரத்து ஆலோசகராக இருந்த கிரான் என்பவர், இரவும் பகலும் ஓடும் விரைவுக் கப்பல் ஒன்று வடகரைக்கு வேண்டும் என்ற யோசனையை வெளியிட்டார். அந்நாளில் செல்வாக்குடன் விளங்கிய பெரிய கம்பெனிகள் அதை ஏற்க மறுத்துவிட்டன. அவர்கள் மறுத்ததில் நியாயமும் உண்டு. ட்ரொண்ட்ஹைமுக்கு வடக்கே அப்போது இருந்த கலங்கரை விளக்கங்கள் மொத்தம் 28. நம்பத்தக்க கடல் வரைபடங்கள் இரண்டே. ஆயிரக்கணக்கான பாறைகள் நீருக்குள் மறைந்து நிற்கும் அந்த மார்க்கத்தில், காரிருளிலும் பனிப்புயலிலும் கப்பலைச் செலுத்துவது உயிரோடு விளையாடுவதாகும் என்று அனுபவசாலிகளே சொன்னார்கள்.

அந்தச் சமயத்தில் முன்வந்தவர் ரிச்சர்ட் வித். ட்ரோம்சோவில் பிறந்து, வெஸ்டெரோலன் தீவுகளில் ஸ்டொக்மார்க்னெஸ் என்ற சிற்றூரில் குடியேறி, 1881-ல் ஒரு சிறிய கப்பல் கம்பெனியைத் தொடங்கியிருந்தவர் அவர். அவருக்குத் தைரியம் அளித்தது ஆண்டர்ஸ் ஹோல்ட்டே என்னும் வழிகாட்டி மாலுமி பல காலமாகச் சேர்த்து வைத்திருந்த குறிப்புகளாகும். இந்த இடத்திலிருந்து இந்தத் திசையில், இந்த வேகத்தில், இத்தனை நிமிஷம் சென்றால் இந்தத் திருப்பம் வரும் என்று, ஒவ்வொரு பிரயாணத்திலும் திசைகாட்டியையும் கடிகாரத்தையும் பார்த்துப் பார்த்து ஹோல்ட்டே எழுதி வைத்திருந்தார். கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இரவிலும் அந்தக் கணக்கைக் கொண்டு கப்பலை நடத்தலாம் என்பது அவ்விருவரின் நம்பிக்கை. 1893-ஆம் வருஷம் மே மாதம் 18-ந் தேதி அரசாங்கத்துக்கும் வித்தின் கம்பெனிக்கும் ஒப்பந்தம் ஆயிற்று. வாரம் ஒரு முறை கப்பல் விடுவதற்கு ஆண்டொன்றுக்கு 70,000 க்ரோனர் மானியம். ஜூலை 2-ந் தேதி காலையில் ‘வெஸ்டெரோலன்’ என்ற கப்பல் ட்ரொண்ட்ஹைமை விட்டுக் கிளம்பி, 67 மணி நேரத்தில் ஹாமர்ஃபெஸ்டை அடைந்தது. ஐந்து மாதம் மூன்று நாளாகச் சுருங்கியது.

விஞ்ஞானப் புதுமைகளைக் கொண்டாடுகிற நூல்களில் ஹோல்ட்டேயின் குறிப்புப் புத்தகத்துக்கு இடம் இருப்பதாகத் தெரியவில்லை. புதிய யந்திரம் எதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. எல்லோரும் போய்வந்த வழியிலே எல்லோரும் பார்த்ததை அவர் கவனமாகக் குறித்து வைத்தார். அந்தக் கவனத்தின் மேல் ஒரு கரை முழுவதன் வாழ்வும் அமைந்துவிட்டது. சில வருஷங்களுக்குள் மறுத்த கம்பெனிகளும் வந்து சேர்ந்துகொண்டன. 1898-ல் தென்முனை பெர்கன் ஆயிற்று. 1914-ல் வடமுனை கிர்க்கெனஸ் ஆயிற்று. அன்று தொட்டு அந்த மார்க்கம் பெரிதும் மாறவில்லை.

நான் சென்றது மார்ச் மாதத்தில். கோடையின் நள்ளிரவுச் சூரியனைக் காண வருகிறவர்களே அதிகம் என்றாலும், இந்தக் கரையை அதன் தொழில் நடக்கும் காலத்தில் பார்க்க விரும்புகிறவருக்கு பிப்ரவரி, மார்ச் மாதங்களே ஏற்றவை. குளிரைப் பற்றி அஞ்சுகிறவர்கள் ஒரு விஷயத்தை அறிந்துகொள்ள வேண்டும். கிர்க்கெனஸ் இருக்கும் அட்சரேகையிலே சைபீரியாவும் கிரீன்லாந்தும் உறைந்து கிடக்கின்றன. ஆனால் மெக்ஸிகோ வளைகுடாப் பக்கத்திலிருந்து அட்லாண்டிக் சமுத்திரத்தைக் குறுக்கே கடந்து வரும் வெந்நீரோட்டம் இந்தக் கரையைத் தழுவி ஓடுவதால், இங்குள்ள துறைகள் கடுங்குளிர் காலத்திலும் உறைவதில்லை. அந்த நீரோட்டம் இல்லையேல் கப்பலும் இல்லை, ஊரும் இல்லை.

தெற்கே உள்ள ஊர்களைப் பற்றி விஸ்தரிக்க வேண்டாம். பெர்கனில் ஜெர்மானிய வணிகர் சங்கம் வடநாட்டுக் கருவாட்டை விற்றுச் செழித்த மரக்கட்டிடங்கள் இன்னும் வரிசையாக நிற்கின்றன. ஓலெசுண்ட் நகரம் 1904-ஆம் வருஷம் ஜனவரி மாதத்து இரவொன்றில் தீப்பற்றிச் சாம்பலாகி, பத்தாயிரம் பேரை வீடிழக்கச் செய்து, மூன்றே ஆண்டுகளில் கல்லாலும் செங்கல்லாலும் ஒரே சிற்ப பாணியில் மீண்டும் எழுந்தது. ட்ரொண்ட்ஹைமில் புனித ஓலாவ் மன்னனின் சமாதியின் மீது எழுப்பிய பேராலயம் இருக்கிறது. அதைப் பார்ப்பதற்குக் கப்பல் போதிய அவகாசம் தருகிறது.

ட்ரொண்ட்ஹைமுக்கு அப்பால், ரூர்விக் என்ற துறையை அடைவதற்கு முன்பு, ஃபொல்லா என்னும் திறந்த கடற்பரப்பு ஒன்று வருகிறது. பாதுகாப்பாக நிற்கும் தீவுகள் இங்கே இல்லை. கப்பல் திடீரென்று ஆடத் தொடங்குகிறது. 1962-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 21-ந் தேதி இரவு ‘சங்க்ட் ஸ்வித்துன்’ என்ற தபால் கப்பல் இந்த இடத்தில் திசை தவறிப் பாறையில் மோதி மூழ்கியது. 41 பேர் மாண்டார்கள். அனுபவம் மிகுந்த மாலுமிகள் ஏன் அந்தத் திசையில் சென்றார்கள் என்பது இன்றுவரை விளங்கவில்லை. ரூர்விக் துறையில் மாண்டவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. விரைவுக் கப்பல் யோசனையை மறுத்தவர்கள் எதற்கு அஞ்சினார்களோ அது பொய்யான அச்சம் அன்று என்பதற்கு அது சாட்சி.

மறுநாள் காலை துருவ வட்டத்தைக் கடந்தோம். ஒரு சிறு பாறைத் தீவின் மேல் நிறுத்தியுள்ள உலக உருண்டைதான் அடையாளம். சமுத்திர ராஜனைப் போல வேஷம் தரித்த ஒருவர் மேல்தளத்துக்கு வந்து, முதன்முதலாக வட்டத்தைக் கடக்கிறவர்களின் சட்டைக் கழுத்துக்குள்ளே ஒரு கரண்டி பனிக்கட்டி நீரை ஊற்றி ஆசீர்வதிக்கிறார். கிழவரும் குழந்தையும் வரிசையில் நின்று அதை வாங்கிக்கொள்கிறார்கள். பெயர் தெரியாதவர்களாக ஏறியவர்கள் அதன்பின் ஒருவரோடொருவர் பேசத் தொடங்குகிறார்கள்; ஆகவே அந்தச் சடங்கு பிரயோஜனமானதே.

போடோ நகரத்தை விட்டு வெளியே வந்ததும், மேற்குத் திக்கில் கடலிலிருந்து ஒரு மலைத்தொடர் சுவர்போல் எழும்பி நிற்கிறது. அதுதான் லோஃபோட்டன் தீவுக்கூட்டம். பனி படிந்த அந்தச் சிகரங்களின் அழகைப் பலர் எழுதியிருக்கிறார்கள்; ஓவியர்கள் அதற்கென்றே அங்கே குடியேறியும் இருக்கிறார்கள். நான் சொல்ல விரும்புவது அந்தச் சிகரங்களின் காலடியில் நடக்கும் காரியத்தைப் பற்றி.

ஆண்டுதோறும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை, பாரென்ட்ஸ் கடலிலிருந்து காட் மீன்கள் கூட்டம் கூட்டமாக முட்டையிடுவதற்காக லோஃபோட்டனுக்கு வருகின்றன. ஆயிரம் வருஷத்துக்கு மேலாக அந்த வருகையை நம்பி இங்கே வியாபாரம் நடந்து வருகிறது. பிடித்த மீனின் தலையை வெட்டி, குடலை நீக்கி, இரண்டிரண்டாக வாலில் கயிறிட்டுக் கட்டி, கடலோரத்தில் நட்ட மரக் கழிகளாலான உயரமான பந்தல்களில் தொங்கவிடுகிறார்கள். மே மாதம் வரையில் அது அப்படியே காற்றில் கிடக்கும். நம் ஊர்க் கருவாட்டுக்கு உப்பும் வெயிலும் வேண்டும். இவர்கள் கருவாட்டுக்கு ஒரு பிடி உப்பும் வேண்டாம். மீன் கல்லாய் உறையாத, ஈ மொய்க்கவும் முடியாத, பூஜ்யம் டிகிரியை ஒட்டிய ஒரு குளிர் அந்த மூன்று மாதமும் அங்கே நிலவுகிறது. அதுவே அதைப் பதப்படுத்துகிறது. நீரெல்லாம் வற்றி விறகுக் கட்டைபோல் ஆன அந்த மீன் பல வருஷம் கெடாமல் இருக்கும். சமைக்குமுன் சம்மட்டியால் அடித்து, நாள்கணக்கில் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும்.

பந்தலின் கீழே போய் நின்று பார்த்தேன். தலைக்கு மேலே, கைக்கு எட்டும் உயரத்தில், நூற்றுக்கணக்கான மீன்கள் வயிறு திறந்து அசைவற்றுத் தொங்குகின்றன. காற்று வீசும்போது காய்ந்த மீனோடு காய்ந்த மீன் உரசி, மரப்பட்டைகள் மோதுவதுபோல ஒரு சப்தம் எழுகிறது. நாற்றம் நான் எதிர்பார்த்த அளவு இல்லை. சற்றுத் தள்ளி ஒரு கொட்டகையில் தலைகள் மலையாகக் குவிந்து கிடந்தன. பத்துப் பன்னிரண்டு வயதுடைய பையன்களும் பெண்களும் ரப்பர் உடுப்பும் கையுறையும் அணிந்து, ஒரு கூரான இரும்பு முளையில் தலையைக் குத்தி நிறுத்தி, ஒரே வெட்டில் நாக்கை அறுத்துத் தொட்டியில் போட்டார்கள். அவர்கள் கண்ணெடுத்துக் கூட என்னைப் பார்க்கவில்லை; பள்ளி விட்டு வந்த குழந்தைகள் அவர்கள். நாக்கு வெட்டும் வேலை அங்கே தொன்றுதொட்டுக் குழந்தைகளின் உரிமை. விற்ற பணம் அவர்களுக்கே. தலைகள் காய்ந்தபின் நைஜீரியாவுக்குக் கப்பலேறுகின்றன. உடல் பெரும்பாலும் இத்தாலிக்கு.

இத்தாலிக்கு இந்த மீன் அறிமுகமானதை ஒட்டி ஒரு வரலாறு உண்டு. 1431-ல் பியெத்ரோ குவெரீனி என்ற வெனிஸ் வணிகனின் கப்பல் புயலில் சிதைந்துபோக, பிழைத்தவர்கள் படகில் மிதந்து, அடுத்த ஆண்டு ஜனவரியில் லோஃபோட்டனின் கடைசித் தீவான ரொஸ்டின் பக்கத்தில் கரையேறினார்கள். உயிர் ஒன்றே மிஞ்சியிருந்த அந்நியர்களை அத்தீவு மக்கள் தங்கள் வீடுகளில் வைத்து வசந்தகாலம் வரும்வரை போஷித்தார்கள். குவெரீனி ஊர் திரும்பியபோது உலர்ந்த மீனையும் கொண்டு சென்றான். தன்னைக் காத்தவர்களைப் பற்றி நன்றியுடன் எழுதியும் வைத்தான். அந்த எழுத்து இன்றும் இருக்கிறது.

லோஃபோட்டனில் எல்லாம் சாந்தமாகவே நடந்துவந்தன என்று எண்ணிவிடக் கூடாது. ட்ரொல்பியோர்டு என்ற குறுகிய நீர்ச்சந்து ஒன்று இருக்கிறது. இரு புறமும் பாறைச்சுவர் எழும்ப, வாயில் நூறு மீட்டர் அகலமே உடையது. 1890-ல் அதற்குள் மீன்கள் அடர்ந்து நின்றபோது, முதலாளிகளின் நீராவிக் கப்பல்கள் வாயிலை அடைத்துக்கொண்டு, துடுப்புப் படகுக்காரர்களை உள்ளே விடாமல் தடுத்தன. ஏழை மீனவர்கள் கோடரியும் கழியும் ஏந்திக் கப்பல்கள்மீது ஏறிவிட்டார்கள். அந்தக் கலகத்தின் பயனாக, சிறு படகுக்காரனுக்குப் பாதுகாப்புத் தரும் சட்டம் பிறந்தது.

ட்ரோம்சோ, வடநாட்டின் பெரிய நகரம். சர்வகலாசாலையும் பெரிய ஆஸ்பத்திரியும் அங்கேதான். தென் துருவத்தை முதலில் எட்டிய ரோல்ட் அமுண்ட்சென், 1928-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், வடக்கே விபத்துக்குள்ளான இத்தாலியத் தளபதி நொபிலேயைத் தேடி இந்தத் துறையிலிருந்துதான் விமானத்தில் ஏறிப் போனார், திரும்பவில்லை. நொபிலேயோ பிழைத்துக்கொண்டார். அவர்கள் இருவருக்கும் இடையே கசப்பான விவகாரம் இருந்தது என்பதை அறிந்தவர்களுக்கு, அமுண்ட்சென்னின் கடைசிப் பிரயாணம் அவருடைய துருவ யாத்திரைகளிலும் பெரியதாகத் தோன்றும்.

ட்ரோம்சோவை விட்ட இரவில், துருவ ஒளி தெரிகிறதென்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அரைத்தூக்கத்தில் எழுந்து கம்பளியைச் சுற்றிக்கொண்டு மேல்தளத்துக்கு ஓடினோம். வடதிசையில் வெளிறிய ஒரு வில்லாகத் தொடங்கிய ஒளி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சையாக மாறி, மடிப்பு மடிப்பாகப் பிரிந்து, உச்சிவானம் வரை எழுந்து, சில நிமிஷத்தில் ஒடுங்கிவிட்டது. இந்த ஒளிக்குக் காரணம் சூரியனிடமிருந்து வரும் மின்னேற்றமுள்ள துகள்கள் என்று முதலில் துணிந்து சொன்னவர்களில் கிறிஸ்தியான் பிர்க்கெலாண்ட் என்ற நார்வே விஞ்ஞானி முக்கியமானவர். 1899-ல் ஆல்ட்டா என்னும் ஊருக்கருகே 900 மீட்டர் உயரமுள்ள மலையுச்சியில் ஆராய்ச்சி நிலையம் கட்டி, பனிப்புயலில் அடைபட்டுக் கிடந்து அவர் இதை ஆராய்ந்தார். அவருடைய கொள்கை மெய்யென்று செயற்கைக் கோள்கள் நிரூபித்தது அவர் காலமாகிப் பல பத்தாண்டுகள் சென்ற பின்பு.

பிரயாணிகளெல்லாம் அறைக்குத் திரும்பிவிட்டார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. பின்னிரவில் ஒக்ஸ்பியோர்டு என்ற சிறு துறையில் கப்பல் நின்றது. பக்கவாட்டில் இரும்புக் கதவு திறந்து, பாலம்போல் தரையில் இறங்கியது. கரையில் இரண்டே பேர். ஒருவர் வடத்தைப் பிடித்துக் கட்டினார். மற்றவர் ஃபோர்க்லிஃப்ட் வண்டியில் ஏறி உள்ளே வந்தார். பால் பொருள்கள் அடங்கிய பெட்டிகள், ஒரு சலவை யந்திரம், சாக்குத் துணி சுற்றிய ஒரு குழந்தைச் சைக்கிள், ஏதோ இயந்திரத்தின் எண்ணெய் படிந்த உறுப்பு ஒன்று, இவை இறங்கின. மீன் பெட்டிகள் ஏறின. முதுகில் பையுடன் ஒரு பெண் இறங்கினாள். வண்டிக்காரர் யந்திரத்தை நிறுத்தாமலே தலையசைத்தார். அவள் பனிக்குள் நடந்து சென்றாள். கால் மணி நேரத்துக்குள் கதவு மூடிக் கப்பல் நகர்ந்துவிட்டது. யாரும் எதையும் விசேஷமாகக் கருதவில்லை. நூற்றிருபது வருஷங்களுக்கு மேலாக நடந்துவரும் இந்த வாடிக்கையை நேரில் பார்க்க வேண்டியே நான் அந்தப் பிரயாணத்தை மேற்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஹாமர்ஃபெஸ்டில் ஒரு கல்தூண் இருக்கிறது. ருஷ்ய வானசாஸ்திரியான ஸ்ட்ரூவேயின் தலைமையில் 1816 முதல் 1855 வரை, இங்கிருந்து கருங்கடல் பக்கம் வரையில் 2,820 கிலோமீட்டர் தூரத்துக்கு முக்கோணம் முக்கோணமாக அளந்து சென்ற பெரும் அளவையின் வட எல்லை அது. அதைக் காணும் தமிழருக்குப் பரங்கிமலை நினைவு வரும். 1802-ல் இந்தியப் பெரும் அளவைக்காக லாம்டன் தம் சங்கிலியை இட்டு அளக்கத் தொடங்கிய இடம் அதன் பக்கத்தில்தான். பூமியின் உருவத்தை நிர்ணயித்தவர்கள் இவ்விரண்டு அளவைகளையும் சேர்த்தே கணக்கிட்டார்கள்.

ஆனால் ஹாமர்ஃபெஸ்டில் நான் அதிகம் சிந்தித்தது வேறொன்றைப் பற்றி. அந்த ஊரில் 1945-க்கு முற்பட்ட கட்டிடம் என்று ஒரு சிறு இடுகாட்டுக் கோவிலைத் தவிர ஒன்றும் இல்லை. 1944-ஆம் வருஷம் இலையுதிர் காலத்தில், செஞ்சேனை கிழக்கிலிருந்து முன்னேறி வர, பின்வாங்கிய ஜெர்மானியப் படை, எதிரிக்கு ஒரு கூரையும் மிஞ்சக் கூடாதென்ற கட்டளைப்படி ஃபின்மார்க் மாகாணத்தையே கொளுத்தியது. வீடு, படகு, படகுத்துறை, தந்திக் கம்பம், ஒன்றும் விடவில்லை. சுமார் 50,000 பேரைப் பலாத்காரமாகத் தெற்கே அனுப்பினார்கள். அந்த எண்ணிக்கையில் பாதி அளவுக்கு மற்றவர்கள் போக மறுத்துக் குகைகளிலும் மண்குடிசைகளிலும் குளிர்காலத்தைக் கழித்தார்கள். ஹொனிங்ஸ்வோக் ஊரில் தேவாலயம் ஒன்று மட்டுமே நின்றது. திரும்பி வந்தவர்கள் அதற்குள்ளேயே குடியிருந்துகொண்டு ஊரைக் கட்டினார்கள். சர்க்கார் அவர்களை அவசரப்பட வேண்டாமென்று தடுத்தும், அவர்கள் திரும்பி வந்தார்கள்.

தபால் கப்பல்களும் அந்த யுத்தத்தில் தப்பவில்லை. ஜனங்களுக்கு வேறு வழி இல்லாமையால் ஆக்கிரமிப்புக் காலத்திலும் அவை ஓடிக்கொண்டிருந்தன. பகைவர் கப்பலென்று எண்ணி நேச நாட்டார் அவற்றைத் தாக்கினார்கள். 1941 செப்டம்பரில் ‘ரிச்சர்ட் வித்’ என்று ஸ்தாபகரின் பெயர் தாங்கிய கப்பலை ஒரு பிரிட்டிஷ் நீர்மூழ்கி மூழ்கடித்தது. அடுத்த மாதமே, 1893-ல் முதல் பிரயாணம் செய்த அதே ‘வெஸ்டெரோலன்’ ஒரு சோவியத் நீர்மூழ்கிக்கு இரையாயிற்று. தங்களை விடுவிக்க வந்தவர்களின் கையாலேயே அவற்றில் சென்ற மீனவரும் தாய்மாரும் மாண்டார்கள். அதற்குப் பின்னும் மீதிக் கப்பல்கள் துறைகளுக்குப் போயின.

நோர்ட்காப் என்னும் வடமுனைக்கு ஹொனிங்ஸ்வோக்கிலிருந்து பேருந்தில் செல்லலாம். 307 மீட்டர் உயரமுள்ள மலைமேடு திடீரென்று முடிந்து, கீழே சமுத்திரம். 1553-ல் வடகிழக்கு மார்க்கமாகச் சீனாவுக்கு வழி தேடிச் சென்ற ஆங்கில மாலுமிகள் இட்ட பெயர் அது. 1907-ல் சயாம் தேசத்து அரசர் சுலாலங்கரண் இவ்வளவு தொலைவு வந்து பாறையில் தம் பெயரைப் பொறித்தார். இதற்கு மேற்கே உள்ள மற்றொரு தாழ்ந்த முனை இன்னும் ஒன்றரைக் கிலோமீட்டர் வடக்கே நீண்டிருக்கிறது. இரண்டும் தீவின் மீது இருப்பவை. ஆகவே கண்டத்தின் வடகோடி என்று கூறுவதைக் கண்டிப்பாகக் கொள்ள வேண்டாம். காற்றையும் வெளியையும் உணர்வதற்குப் போய்வரலாம்.

ஃபின்மார்க் பிரதேசம் நார்வேயருக்கு முந்தியே சாமி மக்களுடையது. கலைமான் மேய்ப்பவர்கள் என்றே அவர்களை உலகம் அறியும். கடலோரத்தில் மீன் பிடித்து வாழ்ந்தவர்களும் அவர்களில் அநேகர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து நூறு வருஷத்துக்கு மேல், அவர்களை நார்வேயராக்கி விடுவதென்ற கொள்கையை அரசாங்கம் நடத்தியது. பள்ளிக்கூடத்தில் தாய்மொழி விலக்கப்பட்டது. விடுதிகளில் குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டார்கள். ஒரு பாதை வரும்போது அரசும் வருகிறது. கடிதம் கொண்டுவரும் அதே அரசு, கடிதம் எந்த மொழியில் எழுதப்பட வேண்டும் என்றும் விதிக்கத் தொடங்குகிறது. கடற்கரையில் பல குடும்பங்கள் தம் மூதாதையரின் மொழியை இழந்தேவிட்டன. ஆல்ட்டா நதியில் அணை கட்டுவதை எதிர்த்து 1979 முதல் நடந்த போராட்டத்தின் பின்னரே நிலைமை திரும்பிற்று. 1989-ல் கராஷோக்கில் சாமி பாராளுமன்றம் திறந்தது. அந்தப் பழைய கொள்கையை ஆராய்ந்த உண்மை ஆணைக்குழு 2023-ல் தன் அறிக்கையை அளித்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் நார்வேப் பாராளுமன்றம் மன்னிப்புக் கோரியது. காலம் கடந்த மன்னிப்புதான். எனினும் செய்ததை ஒளிக்காமல் ஏட்டில் எழுதிக் கேட்ட மன்னிப்பு.

இதற்கப்பால் மரமில்லை. பாறையும் பனியும் கடலுமே. பெர்லெவோக் என்ற ஊரில் நாலுகால் கொண்ட காங்கிரீட் கட்டிகளால் அமைந்த அலைதாங்கிச் சுவரைக் கண்டேன். இங்கே கட்டிய சுவர்களைப் புயல்கள் மீண்டும் மீண்டும் தகர்த்ததால் 1970-களில்தான் கப்பல் கரையோடு அணைய முடிந்தது; அதுவரை பிரயாணிகளையும் சாமான்களையும் சிறு படகில் எதிர்கொண்டு ஏற்றி இறக்கினார்கள். வார்டோவில், பதினேழாம் நூற்றாண்டில் சூனியக்காரிகளென்று குற்றம் சாட்டப்பட்டு இம்மாகாணத்தில் கொல்லப்பட்ட 91 பேருக்கு ஒரு நினைவாலயம் இருக்கிறது. கித்தான் துணியாலான நீண்ட நடையில் 91 சிறு ஜன்னல்கள். ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கு. பக்கத்தில் அந்த மனிதரின் வழக்கு விவரம். பீட்டர் ஜும்தோர் என்ற ஸ்விஸ் கட்டிடக் கலைஞரின் படைப்பு, 2011-ல் திறந்தது. ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே நடந்து வெளியே வரும்போது பேச்சு எழவில்லை.

கிர்க்கெனஸில் தெருப் பலகைகள் நார்வே மொழியிலும் ருஷ்ய மொழியிலும் எழுதியிருக்கின்றன. இரும்புச் சுரங்கத்தால் பிறந்து, யுத்தத்தில் முந்நூறுக்கு மேற்பட்ட விமானத் தாக்குதல்களைச் சகித்த ஊர் அது. 1944 அக்டோபரில் ஆயிரக்கணக்கான ஜனங்கள் அருகிலுள்ள சுரங்கப்பாதையில் ஒளிந்திருந்தார்கள். குழந்தைகள் அந்த இருட்டிலேயே பிறந்தன. அன்று அவர்களை விடுவித்த தேசத்தின் எல்லை இன்று உக்ரேன் யுத்தத்தால் பெரும்பாலும் அடைபட்டிருக்கிறது. பலகைகளை அகற்றவேண்டுமென்று சிலர் வாதிக்கிறார்கள். அண்டை வீட்டாருடன் பேசிப் பழகியவர்கள் தயங்குகிறார்கள்.

இங்கே இறங்கி விமானத்தில் ஊர் திரும்புகிறவர்கள் பாதியை இழக்கிறார்கள். போகும்போது இரவில் கடந்த துறைகளைத் திரும்பும்போது பகலில் கடக்கிறோம். ஆழமற்ற கடலைத் தோண்டி 1922-ல் மன்னர் ஹாகோன் திறந்துவைத்த ரிஸோய் கால்வாயை நான் அப்போதுதான் பார்த்தேன்; அதற்காகப் பாராளுமன்றத்தில் ஓயாமல் வாதாடியவரும் ரிச்சர்ட் வித்தே. ஸ்டொக்மார்க்னெஸில் 1956-ல் கட்டிய ‘ஃபின்மார்க்கன்’ என்ற பழைய கப்பலைக் கண்ணாடிக் கட்டிடத்துக்குள் நிறுத்தியிருக்கிறார்கள்.

இந்தக் கப்பலிடம் நார்வே ஜனங்கள் வைத்துள்ள பிரியம் 2011 ஜூன் மாதத்தில் வெளிப்பட்டது. பெர்கனிலிருந்து கிர்க்கெனஸ் வரை, 134 மணி நேரம், இடைவிடாமல் கப்பலின் பிரயாணத்தை அந்நாட்டுத் தொலைக்காட்சி அப்படியே ஒளிபரப்பியது. ஐம்பது லட்சம் ஜனத்தொகையுள்ள தேசத்தில் 32 லட்சம் பேர் ஏதோ ஒரு நேரத்தில் அதைப் பார்த்தார்கள். துறைதோறும் வாத்தியங்களோடும் கொடிகளோடும் ஊரே திரண்டு நின்றது.

இப்பொழுது சாலை வந்துவிட்டது, விமானம் வந்துவிட்டது. தபால்பை ஏறுவது நின்று வெகு காலமாகிவிட்டது. கப்பலின் வருமானத்தில் பெரும் பங்கு உல்லாசப் பிரயாணிகள் தருவது. அரசாங்கம் 2021 முதல் பத்து ஆண்டுகளுக்குச் செய்துள்ள ஒப்பந்தத்தின்படி இரண்டு கம்பெனிகள், ஒன்று ஏழு கப்பல்களும் மற்றொன்று நான்கு கப்பல்களுமாக, இந்தப் பணியைப் பகிர்ந்துகொள்கின்றன. புதிய கப்பல்கள் சில, பியோர்டுகளுக்குள் பேட்டரியைக் கொண்டே புகையின்றி மணிக்கணக்கில் செல்லும் ஆற்றல் பெற்றவை. அந்த ஒப்பந்தம் 2030-ஆம் வருஷ முடிவில் தீர்கிறது. 34 துறைகளில் எத்தனை துறைகளுக்குக் கப்பல் வேண்டும் என்ற விவாதம் அதற்குள் எழத்தான் செய்யும். லாப நஷ்டக் கணக்குப் பார்த்தால் ஒக்ஸ்பியோர்டும் மெஹாம்னும் பெர்லெவோக்கும் முதலில் அடிபடும். சாலைகள் புயலில் அடைபட்டுக்கிடக்கும் வாரங்களில் அந்த ஊர்களுக்குச் சாமான் கொண்டுபோவது இந்தக் கப்பலே. ஆகவே அடுத்த ஒப்பந்தத்திலும் அந்தப் பெயர்கள் விடுபடாமல் இடம்பெற வேண்டும். அறை எடுக்க வசதியில்லாதவர் இருக்கையில் உட்கார்ந்து, அடுத்த ஊரில் இருக்கும் மகளைப் பார்க்கவோ வைத்தியரிடம் போகவோ குறைந்த கட்டணத்தில் ஏறி இறங்குகிற வழக்கமும் அப்படியே நீடிக்க வேண்டும்.